மையித்துக் குளிப்பாட்ட நமக்குத் தெரியுமா?

புத்தளத்தில் யாராவது மௌத்தானால் வாட்ஸ்அப்பில் 'இன்னாலில்லாஹி' போடுவோம். நம்ம வேலை முடிஞ்சது. குளிப்பாட்ட, கபனிட, கபுர் வெட்ட? அதுக்குத்தான் வயசான நாலு பேர் இருக்கிறாங்களே! அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, பேரும் இல்லை.

2020 ஏப்ரலில் கொரோனா ஜனாஸாக்களை எரிக்கச் சொல்லி வர்த்தமானி வந்தது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் அரசு கேட்கவில்லை. 2021 மார்ச்சில் அடக்க விட்டபோதும் சொந்த ஊர் மையவாடியில் இடமில்லை; தீவைக் கடந்து ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024இல் அரசு மன்னிப்புக் கேட்டது.

சரி, அன்று கொதித்துப் பதிவு போட்ட நம்மில் எத்தனை பேருக்கு ஒரு மையித்தைக் குளிப்பாட்டத் தெரியும்? பர்ளு கிபாயா என்று சொல்லி எத்தனை நாள் ஒளிவது? வாற ஜும்ஆ முடிஞ்சதும் அவர்களில் ஒருவரிடம் போய்க் கேளுங்க: "நானா, எனக்கும் பழக்குவீங்களா?"