திருநம்பிகள் ஏன் கண்ணில் படுவதில்லை?

2019 ஆகஸ்ட்டில் கொல்கத்தாவில் நடந்த ஒரு திருமணம் நாடு முழுவதும் செய்தியானது. மணமகள் திஸ்தா தாஸ், திருநங்கை. மணமகன் தீபன் சக்ரவர்த்தி, அசாமிலிருந்து வந்த திருநம்பி; அதாவது பிறப்பில் பெண்ணாகப் பதிவாகி ஆணாக வாழ்பவர். மேற்கு வங்கத்தில் இப்படியொரு இணையர் மணம் புரிவது அதுவே முதல்முறை என்று நாளேடுகள் எழுதின. திஸ்தா அதற்கு முன்பே நடிகையாகவும் செயற்பாட்டாளராகவும் அறியப்பட்டவர். திருநம்பி ஒருவரின் முகத்தையோ, பலர் தீபனின் படத்தில்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள்.

வங்கத்தின் பொதுவாழ்வில் திருநங்கையர் பலரது பெயரைச் சொல்ல முடியும். 2015இல் கிருஷ்ணநகர் மகளிர் கல்லூரியின் முதல்வரான மானபி பந்தோபாத்யாய், 2017இல் இஸ்லாம்பூர் மக்கள் நீதிமன்ற அமர்வில் உறுப்பினரான ஜோயிதா மண்டல் இருவரையும் நாடறியும். திருநம்பிகளில் அப்படிப் பரவலாகப் பேசப்பட்ட பெயர், முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவின் பிள்ளை சுசேதன். 2023 ஜூனில் அவர் தன்னைத் திருநம்பி என்று பொதுவில் அறிவித்தபோது வயது 41. கல்வியும் வசதியும் அரசியல் பின்புலமும் உள்ள வீட்டில் பிறந்தவருக்கே நிலைமை இது. அப்படியானால் சுந்தரவனத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த திருநம்பிக்கு எத்தனை காலம் ஆகும்?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு, ‘திருநம்பிகள் எண்ணிக்கையில் குறைவு’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த முடிவுக்கு ஆதாரம் இல்லை. அதை நம்பி வகுக்கப்படும் திட்டங்களோ திருநம்பிகளை எட்டுவதே இல்லை.

கணக்கு எப்படித் தவறுகிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்பவற்றோடு ‘மற்றவர்’ என்ற பிரிவு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் நாடு முழுவதும் 4,87,803 பேர், மேற்கு வங்கத்தில் 30,349 பேர் பதிவானார்கள். அவர்களில் திருநங்கையர் எத்தனை பேர், திருநம்பிகள் எத்தனை பேர் என்று அந்த எண்ணிலிருந்து பிரித்தறிய வழியில்லை. கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நின்று கேட்கும்போது, பெரும்பாலும் குடும்பத் தலைவரே எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறார். கூட்டமாக ஒரே வீட்டில் வாழும் ஹிஜ்ராக்கள் என்னும் திருநங்கையர் தங்கள் அடையாளத்தைத் தாங்களே சொல்ல முடிந்தது. பெற்றோருடன் வாழும் திருநம்பி, அப்பாவின் வாயால் ‘மகள்’ என்றே பதிவாகியிருப்பார்.

மருத்துவமனைக் கணக்குகளும் இப்படித்தான். நெதர்லாந்தில் 1993இல் வெளியான ஆய்வு, பிறப்பில் ஆணாகப் பதிவானவர்களில் 11,900 பேருக்கு ஒருவர் திருநங்கை என்றும், பெண்ணாகப் பதிவானவர்களில் 30,400 பேருக்கு ஒருவர் திருநம்பி என்றும் சொன்னது. இரண்டரை மடங்கு வித்தியாசம். ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனையின் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வில் இது 3,800க்கு ஒருவர், 5,200க்கு ஒருவர் என்று நெருங்கிவிட்டது. கனடாவின் 2021 கணக்கெடுப்பில் திருநங்கையர் 31,555 பேர்; திருநம்பிகள் 27,905 பேர். ஜப்பானிலோ சிகிச்சை மையங்களை நாடி வருவோரில் திருநம்பிகளே அதிகம் என்கின்றன அங்குள்ள ஆய்வுகள். கால் நூற்றாண்டில் மனித இயற்கை மாறியிருக்காது. நாட்டுக்கு நாடு இப்படித் தலைகீழாகவும் ஆகாது. சிகிச்சையை நாடிவர யாரால் முடிந்தது என்பதுதான் காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது.

வெளியேற ஒரு வழி

பெண்மை கொண்ட சிறுவன் அடி வாங்குகிறான், அவமானப்படுகிறான், வீட்டைவிட்டு ஓடுகிறான். கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்தில் வந்து இறங்கினால், அவனை ஏற்றுக்கொள்ள ஹிஜ்ரா சமூகத்தின் ‘கோல்’ என்னும் வீடு இருக்கிறது. குரு, சேலா என்ற உறவுமுறை, குழந்தை பிறந்த வீட்டில் பாடி வாங்கும் தொழில், தனிப் பேச்சு என நூற்றாண்டுகளாகத் தொடரும் அமைப்பு அது. அதற்குள் சுரண்டலும் உண்டு, கடன் சுமையும் உண்டு. என்றாலும் அது ஒரு கூரை.

ஆணாக வாழ விரும்பும் 15 வயதுப் பிள்ளைக்கு அப்படிப்பட்ட அமைப்பு எதுவும் இல்லை. ஊர் கண்ணுக்குப் பெண்ணாகத் தெரியும் உடலோடு இரவில் ஒரு ரயில் நிலையத்தில் படுத்துறங்குவதே ஆபத்து. அதனால் அந்தப் பிள்ளை வீட்டிலேயே இருக்கிறது. முடியைக் கத்தரித்துக்கொள்வதும், தெருவில் கால்பந்து ஆடுவதும் சிறுவயதில் குற்றமில்லை. ‘பொண்ணை ஆம்பளப் பிள்ளையாட்டம் வளர்த்திருக்கேன்’ என்று அப்பா பெருமைப்படவும் கூடும். பூப்பெய்தியதும் அந்தச் சலுகை முடிகிறது. பிறகு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மும்பையின் ‘லாபியா’ அமைப்பு, பிறப்பில் பெண்ணாகப் பதிவான பால்புதுமையர் 50 பேரிடம் பேசி 2013இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் மீதான வன்முறை பிறந்த வீட்டிலேயே தொடங்குவதைப் பதிவுசெய்தது. திருநங்கையைக் குடும்பம் துரத்துகிறது, திருநம்பியைப் பூட்டி வைக்கிறது. இரண்டும் கொடுமை. முதலாவது தெருவில் நடப்பதால் நம் கண்ணில் படுகிறது.

அமைப்புகள் பிரிந்த விதம்

இந்தியாவில் பால்புதுமையர் அமைப்புகளுக்குப் பெருமளவில் பணம் வந்தது எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்கள் வழியாக. தொற்று அபாயம் அதிகம் என்பதால் திருநங்கையர் அத்திட்டங்களுக்குள் வந்தனர். அலுவலகம், களப்பணியாளர், அடையாள அட்டை, அதிகாரிகளோடு பேச்சு எல்லாம் அதனால் கிடைத்தன. ‘அபாயப் பிரிவு’ என்ற பட்டியலில் திருநம்பிக்கு இடமில்லை. எனவே பணமும் இல்லை.

கொல்கத்தாவில் அவர்களுக்கு இடம் கொடுத்தது பெண்கள் கட்டிய ஓர் அமைப்பு. இரு பெண்களின் காதலைச் சொன்ன தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ படத்தைச் சுற்றி எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு, 1999 ஜூன் 20 அன்று சில தன்பாலீர்ப்புப் பெண்கள் கூடி ‘சாஃபோ’வைத் தொடங்கினார்கள். தெற்காசியாவின் முதல் வானவில் பேரணியாகக் கருதப்படும் நட்பு நடை அதே நகரில் நடந்தது ஜூலை 2இல், ஏறக்குறைய 15 பேருடன். சாஃபோ பின்னர் ‘சாஃபோ ஃபார் ஈக்வாலிட்டி’ ஆகி, தன் பணிக்குள் திருநம்பிகளின் உரிமையையும் சேர்த்துக்கொண்டது. வீட்டில் அடைக்கப்படுவது, கட்டாயத் திருமணம், காவல் நிலையத்தில் ‘எங்கள் மகளைக் காணவில்லை’ என்ற புகார் ஆகியவை தன்பாலீர்ப்புப் பெண்ணுக்கும் திருநம்பிக்கும் ஒன்றுபோல் நேர்பவை என்பதை அந்தப் பெண்கள் அறிந்திருந்தனர்.

கலையிலும் இந்தச் சாய்வு தெரிகிறது. ரவீந்திரநாத் தாகூரின் சித்ராங்கதா, மகனைப் போல் வளர்க்கப்பட்ட மணிப்பூர் இளவரசி. ஆண்மைக்குள் வளர்ந்த ஒரு பெண்ணுடல் அந்தக் கதையின் மையம். ரிதுபர்ண கோஷ் 2012இல் அதைத் திரைப்படமாக்கியபோது, பெண்ணாக மாற விரும்பும் நடன இயக்குநரின் கதையாக அது உருவெடுத்தது. துணிச்சலான, அவசியமான படம் அது. ஆனால் சித்ராங்கதாவின் மறுபக்கத்தைச் சொல்லும் படம் இன்னும் அந்த அளவில் வரவில்லை. தமிழ்நாட்டிலும் அப்படியே. மகாபாரதத்தின் அரவானுக்குக் கூவாகத்தில் திருநங்கையர் கூடும் சித்திரைத் திருவிழா ஆண்டுதோறும் உண்டு. அதே பாரதத்தில் பெண்ணாகப் பிறந்து ஆணாக மாறிப் போர்க்களம் கண்ட சிகண்டிக்கு அப்படி ஊர் கூடும் விழா இல்லை.

இரண்டாவது மறைவு

திருநம்பிகள் மறைந்திருப்பதில் இன்னொரு வகையும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை தொடங்கியதும் குரல் கனக்கிறது, தாடி முளைக்கிறது. ஓரிரு ஆண்டுகளில் பலர் கூட்டத்தில் கலந்த இன்னொரு ஆணாகிவிடுகிறார்கள். இப்படிக் கரைந்துபோவது பலருக்கு நிம்மதி. அதைக் கலைக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் அந்த நிம்மதி ஒரு பழைய பள்ளிச் சான்றிதழில் உடைந்துவிடும். மாவட்ட ஆட்சியரிடம் முதலில் திருநர் என்று சான்று பெற்று, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் விண்ணப்பித்தால்தான் ‘ஆண்’ என்று மாற்ற முடியும் என்று 2019இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் விதித்தது. தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை 2014இல் உச்ச நீதிமன்றம் அளித்த பிறகும் இந்த ஏற்பாடு வந்தது. கருப்பை கொண்ட, தாடி வைத்த ஒருவர் மகளிர் நோய்ப் பிரிவின் வரிசையில் எப்படி நிற்பார் என்று நம் மருத்துவமனைகள் யோசித்திருக்கின்றனவா?

செய்ய வேண்டியது

திருநங்கையர் நிறையக் கண்ணில் படுவதைச் சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. போக்குவரத்து விளக்கடியில் கைநீட்டி நிற்பவர் அந்த வெளிச்சத்தை விரும்பிப் பெறவில்லை. அவர்களுக்குக் கிடைப்பதில் பங்கு கேட்பதும் திருநம்பிகளின் கோரிக்கை அல்ல.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. திருநங்கை, திருநம்பி என்று தனித்தனியாகப் பதிய வழி வேண்டும். வயதுவந்த ஒவ்வொருவரும் குடும்பத் தலைவரைத் தாண்டித் தானே பதில் சொல்ல முடிய வேண்டும். இரண்டாவது, புகலிடம். வீட்டிலிருந்து தப்பி வருபவரைக் காவல் துறை மறுபடியும் அதே வீட்டில் ஒப்படைக்கக் கூடாது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷும், ஆட்கொணர்வு மனுக்கள் குறித்து 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் வழங்கிய வழிகாட்டுதல்கள் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் சென்று சேர வேண்டும். திருநம்பிகளுக்கான தனி இல்லங்கள் கொல்கத்தா, சென்னை போன்ற நகரங்களிலாவது உடனே தேவை. மூன்றாவது, மாநிலத் திருநர் நல வாரியங்களில் திருநம்பிகளுக்கு உறுதியான இடம். அரசு மருத்துவமனைகளில் அவர்களுக்கான தனிச் சேவை.

‘எத்தனை பேர் என்று தெரிந்தால் திட்டம் போடலாம்’ என்பது அரசு அலுவலகங்களில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். இந்த விஷயத்தில் அந்த வரிசை செல்லாது. தன்னைச் சொன்னால் அடி விழாது, பூட்டப்பட மாட்டோம், தங்க ஓரிடம் உண்டு என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் கணக்கெடுப்பாளரிடம் உண்மையைச் சொல்வார். பாதுகாப்பை முதலில் கொடுத்தால் எண்ணிக்கை தானாகவே வந்துசேரும்.