செவி நிறைந்தால் போதுமா?

"பேராசிரியர் மடை திறந்தாற்போல் பேசினார், எல்லாம் விளங்கிற்று" என்று கலாசாலையிலிருந்து வந்த பிள்ளை சொன்னால் நமக்குப் பூரிப்பு உண்டாகிறது. சற்றே பொறுங்கள்.

அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் பௌதிகப் பேராசிரியர் எரிக் மஸூர், 1990-ம் வருஷத்தில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். கடினமான கணக்குகளைப் போட்ட மாணாக்கர், எளிய அடிப்படைத் தத்துவத்தைக் கேட்டதும் திகைத்தனர். மறு வருஷம் முதல் அவர் பிரசங்கத்தைச் சுருக்கி, இடையிடையே கேள்வி போடலானார். ஒவ்வொருவரும் தாமே யோசித்து விடையளிப்பர். பிறகு அண்டையிலிருப்பவருடன் தர்க்கித்து மீண்டும் விடையளிப்பர்.

விஞ்ஞான, கணித, எஞ்சினீயரிங் வகுப்புகளைப் பற்றிய 225 ஆராய்ச்சிகளை 2014-ல் தொகுத்துப் பார்த்தார்கள். பிரசங்கம் மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 34 பேர் தேறவில்லை. இவ்விதம் முயன்று கற்றவர்களில் சுமார் 22 பேரே தேறவில்லை.

2019-ல் ஹார்வர்டில் வெளிப்பட்ட வேடிக்கையைக் கேளுங்கள். முயன்று கற்றவர்கள் பரீட்சையில் அதிகம் அறிந்திருந்தும், தாங்கள் குறைவாகக் கற்றதாகவே எண்ணினார்கள்! சிந்திக்கும் சிரமத்தை அவர்கள் அறியாமையென்று மயங்கிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர்த் திரை வழியே நடக்கும் வகுப்பிலும் இம்முறை கைகூடும். அங்கும் கேள்விக்கு விடை வாங்கலாம், மாணாக்கரைச் சிறு குழுக்களாக்கிப் பேசவிடலாம்.

ஆகையால், உங்கள் குமாரனோ குமாரத்தியோ வீடு திரும்பியதும், "இன்று கற்றதை எனக்கு விளக்கு, பார்ப்போம்" என்று கேளுங்கள். நடுவில் தடுமாறினால் கடிந்துகொள்ளாதீர்கள். மேலும் ஒரு கேள்வி கேட்டு உற்சாகப்படுத்துங்கள்.