பீமனுக்கு எந்த நாட்டு முகம்?
பீட்டர் புரூக்கின் 'மகாபாரதம்' 1985இல் பிரான்சின் அவிஞோன் நகருக்கு அருகே மேடையேறியது. சுமார் 9 மணி நேர நாடகம். 1989இல் அது சுருக்கப்பட்டுத் தொலைக்காட்சிப் படைப்பானது. சித்தப்பா பத்திரப்படுத்தியிருந்த பழைய நாடாவில் அதைப் பாட்டியோடு பார்த்தது பள்ளி விடுமுறையின் இனிய நினைவு.

திரௌபதியாக மல்லிகா சாராபாய். பீமனாக செனகல் நாட்டின் மமாது தியூமே. ஆங்கிலம் அறியாத பாட்டி, துச்சாதனனை வீழ்த்தும் காட்சியில், "இவன்தான்டா பீமன்!" என்றார்.

நம் மாணவர் மேடைகளிலோ இன்னும் முகம் பார்த்தே வேடம் தருகிறோம். கறுத்தவன் அசுரன், சிவந்தவள் இளவரசி. தமிழ் பயிலும் சீன நண்பருக்குச் சிரிப்பு வேடம் மட்டுமே. நன்றாகப் பேசி நடிப்பவர் யாராக இருந்தாலும் அர்ச்சுனன் ஆகலாம். அடுத்த கலைவிழாவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, கண்ணை மூடி முதலில் குரலைக் கேட்போமே!