ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஃபர்னஸிலும் ரோலிங் மில்லிலும் வேலை பார்ப்பவர்களின் வீட்டுப் பெண்கள்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஞாயிறும் ஷிப்ட் விழுகிறது, ஆராதனைக்குப் போக முடியவில்லை, திருவிருந்து எடுத்து மாதக்கணக்காகிறது. நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் போதும், ஓய்வுநாளை ஆசரிக்காததற்குக் கிடைத்த தண்டனை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டுப் போகிறார். கர்த்தர் எங்கள்மேல் கோபமாக இருக்கிறாரா ஐயா?

இல்லை அம்மா. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

ஞாயிறு என்றால் விடுமுறை, சலவை வேட்டி, காலை ஆராதனை என்று நமக்குப் பழகிவிட்டது. ஆனால் முதல் முந்நூறு வருஷம் ரோம ராஜ்யத்தில் ஞாயிறு வேலை நாள்தான். 321-இல் கான்ஸ்டன்டைன் பேரரசன் ஆணையிட்ட பிறகே அது ஓய்வுநாள் ஆனது. அதற்குமுன் விசுவாசிகளில் எத்தனையோ பேர் அடிமைகள். எஜமானிடம் லீவு கேட்க வாயில்லாதவர்கள். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன்பே கூடிப் பாடுகிறார்கள் என்று சுமார் 112-இல் பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பாடி முடித்ததும் அவரவர் வேலைக்கு ஓடியிருப்பார்கள்.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை எடுத்து வாசியுங்கள். திராட்சைத் தோட்டக்காரர் விடியலில் ஆள் எடுக்கிறார். அப்புறம் ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தாலும் ஆட்கள் நிற்கிறார்கள். சோம்பேறிகள் என்று நினைத்துவிட வேண்டாம், அவர்களை யாரும் கூப்பிடவில்லை. பொழுது சாய்ந்து கணக்கு முடிக்கும்போது கடைசியாக வந்தவனுக்கும் ஒரு பணம், முழுநாள் கூலி. பகலெல்லாம் வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பாதிக் கூலியோடு வீட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்குப் பாதி வயிறுதான் என்பது அந்த எஜமானுக்குத் தெரிந்திருக்கிறது.

சங்கத் தோழர் யாராவது இந்த உவமையைக் கேட்டால் கொடி பிடிப்பார், பிடிக்கத்தான் வேண்டும். ஆலைக்குள் கூலி சட்டப்படி வரவேண்டும். கிருபை என்று சொல்லிக்கொண்டு எந்தக் கான்ட்ராக்டரும் உங்கள் ஓ.டி. காசையோ பி.எஃப். பணத்தையோ பிடித்து வைக்க முடியாது. தேவனிடத்தில் மட்டும் அப்படிக் கணக்குப் பேச வழியில்லை. கூலியாக வந்தால் அது கிருபையே அல்ல என்றுதான் ரோமர் 4-இல் பவுல் வாதாடுகிறார். நம் சபைகளில் சந்தாப் பாக்கி, உபவாசக் கூட்டத்துக்கு வராதவர் என்றெல்லாம் குறித்து வைக்கிறோம். சந்தா வேண்டும், கரண்ட் பில் யார் கட்டுவது? அதைப் பரலோகத்துக்குக் கேட் பாஸ் ஆக்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கிருபை போதுமென்றால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் ஒரு நடை பழவேற்காட்டுக்குப் போய்வரலாம், நம் மாவட்டம்தான். 1613-இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர். 1630-களில் அங்கே ஆபிரகாம் ரொஜேரியுஸ் போதகராக இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயம் பற்றி அவர் எழுதிய நூல் 1651-இல் லெய்டனில் அச்சானது. கிருபையினாலே மட்டும் இரட்சிப்பு என்பது அவருடைய சபையின் உபதேசம். அதே நூற்றாண்டில் அதே துறைமுகத்திலிருந்து, அவருக்குச் சம்பளம் கொடுத்த டச்சுக் கம்பெனி நம் கரையோர ஜனங்களை அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது. உபதேசத்தில் குறையில்லை, அதைக் கேட்டவர்களின் கணக்குப் புத்தகத்துக்குள் அது இறங்கவே இல்லை. டச்சுக் கல்லறைத் தோட்ட வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பம் இரண்டு நிற்கும். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்று சிப்காட்டில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் பிள்ளைகளோடு நைட் ஷிப்ட் பார்ப்பவர்களிலும் விசுவாசிகள் இருக்கிறார்கள். ஆராதனைக்கு வராதவர்கள் என்று அவர்களை எண்ணுவதைவிட, அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கோயில் கதவைத் திறந்து வைப்பது நல்லது. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி சபைகளில் ஷிப்ட் ஆட்களுக்கென்று வார நாளிலோ விடியற்காலையிலோ ஆராதனை நடந்தால் நேரத்தையும் இடத்தையும் எழுதி அனுப்புங்கள். இந்தி வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். அடுத்த இதழில் முதல் பக்கத்திலேயே போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்