எல்லை குறிக்காத பத்திரத்தில் ஒரு நாடே கையெழுத்திட்டது!

சகோதரர்களே!

நீங்கள் ஒரு மனை வாங்கப் போகிறீர்கள். தரகர் பத்திரத்தை நீட்டுகிறார். அதில் சர்வே எண் இல்லை. செக்குபந்தி இல்லை. வடக்கே யார் நிலம், தெற்கே எந்தத் தெரு என்று ஒரு வரிகூட இல்லை. "வேண்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கையெழுத்துக்கு இடம் காட்டுகிறார். போடுவீர்களா?

பெட்டிக்கடை வைத்திருப்பவர்கூடப் போடமாட்டார். ஆனால் உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்ததாக மார்தட்டும் பிரிட்டன் போட்டது! 2016 ஜூன் 23 அன்று அந்நாட்டு மக்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி. ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, வெளியேறுவதா? வெளியேறிய பிறகு எங்கே போவது என்பது வாக்குச் சீட்டில் இல்லை. கேட்டவர்களிடமும் அதற்குப் பதில் இல்லை.

வெளியேறு என்றவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். இருப்போம் என்றவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். சதவீதத்தில் 51.9க்கு 48.1. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் இருப்போம் என்றன. இங்கிலாந்தும் வேல்ஸும் போவோம் என்றன. வீடு இரண்டுபட்டது!

யாருடைய சண்டைக்கு யார் பஞ்சாயத்து?

இந்த வாக்கெடுப்பை மக்கள் தெருவில் இறங்கிக் கேட்டு வாங்கினார்களா? இல்லை. கன்சர்வேடிவ் கட்சிக்குள் பல ஆண்டுகளாக ஐரோப்பா விவகாரத்தில் குடுமிப்பிடிச் சண்டை. வெளியே நைஜல் ஃபராஜின் கட்சி ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது. கட்சியைக் காப்பாற்ற 2013 ஜனவரியில் பிரதமர் டேவிட் கேமரூன் இந்த வாக்குறுதியைக் கொடுத்தார். கட்சிச் சண்டையைத் தீர்க்க நாட்டைப் பணயம் வைத்தார்!

தோற்றால் என்ன செய்வது என்று யோசித்தாரா? அரசுத் துறைகளைத் தயார்படுத்தாமல் விட்டது பெருத்த அலட்சியம் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுவே 2016 ஜூலையில் குற்றம் சாட்டியது. முடிவு வந்த அன்றே கேமரூன் ராஜினாமா அறிவித்தார். அதே நாளில் பவுண்டின் மதிப்பு 1985க்குப் பிறகு காணாத அளவுக்கு விழுந்தது. கடையைக் கொளுத்தியவர் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார்!

முட்டுக்கட்டை எங்கே விழுந்தது?

அடுத்து வந்தவர் தெரசா மே. "பிரெக்ஸிட் என்றால் பிரெக்ஸிட்தான்" என்றார். அப்படியென்றால் என்ன என்பதுதானே கேள்வி! நார்வேயைப் போல ஐரோப்பியச் சந்தைக்குள் இருந்துகொண்டே விலகுவதா? கனடாவைப் போல வெறும் வர்த்தக ஒப்பந்தமா? ஒப்பந்தமே இல்லாமல் அறுத்துக்கொள்வதா? மூன்றுக்கும் பெயர் பிரெக்ஸிட். மூன்றும் வேறு வேறு சரக்கு!

அயர்லாந்து எல்லை இன்னொரு முள். பல்லாண்டு ரத்தக்களரிக்குப் பின் 1998ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் அங்கே அமைதி நிலவுகிறது. எல்லையில் மறுபடி சோதனைச் சாவடி போட்டால் அந்த அமைதி என்னாகும்? தீர்வு கிடைக்கும்வரை ஐரோப்பியச் சுங்க ஏற்பாட்டிலேயே பிரிட்டன் இருக்கும் என்று தெரசா மே எழுதிக் கொடுத்தார். இது அடிமைச் சாசனம் என்றனர் அவர் கட்சிக்காரர்கள். விலகலே வேண்டாம் என்றவர்களும் அதே ஒப்பந்தத்தை எதிர்த்தார்கள்.

2019 ஜனவரி 15 அன்று காமன்ஸ் சபையில் அந்த ஒப்பந்தம் 432க்கு 202 என்று தோற்றது. பிரிட்டிஷ் வரலாற்றில் எந்த அரசும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றதில்லை. மார்ச்சில் இன்னும் இரண்டு முறை கொண்டுவந்தார். இரண்டு முறையும் தோல்வி! சரி, உறுப்பினர்களே ஒரு வழி சொல்லட்டும் என்று மார்ச் 27 அன்று எட்டு யோசனைகளை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கு. நான்கும் தோற்றன!

நாடாளுமன்றம் மக்கள் தீர்ப்பைத் தடுக்கிறது என்று பத்திரிகைகள் கூச்சலிட்டன. உண்மை என்ன? செக்குபந்தி இல்லாத பத்திரத்தை வைத்துக்கொண்டு எந்த சர்வேயர் வந்தாலும் நிலத்தை அளக்க முடியாது. குற்றம் சர்வேயருடையதா, பத்திரம் எழுதியவருடையதா?

தேர்தல்! தேர்தல்! யாருக்காகத் தேர்தல்?

முட்டுக்கட்டையைத் தீர்க்கத் தேர்தல் வேண்டும் என்ற கோஷத்தையும் கொஞ்சம் உரசிப் பாருங்கள்.

2017ல் தெரசா மே திடீர்த் தேர்தல் நடத்தினார். பெரும்பான்மையைப் பெருக்கிக்கொள்ளத்தான். இருந்த பெரும்பான்மையும் போயிற்று. வட அயர்லாந்தின் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சியின் பத்து உறுப்பினர்கள் ஆதரவுக்கு, அந்தப் பகுதிக்கு 100 கோடி பவுண்டு கூடுதல் நிதி கொடுக்க வேண்டியதாயிற்று. பேரத்துக்கு வேறு பெயர் வேண்டுமா?

எதிர்க்கட்சியான லேபர் மட்டும் யோக்கியமா? தேர்தல் நடத்து, தேர்தல் நடத்து என்று முழங்கியது. 2019 செப்டம்பரில் புதிய பிரதமர் போரிஸ் ஜான்சன் தேர்தலுக்குத் தயார் என்று நின்றபோது, இப்போது வேண்டாம் என்றது. ஒப்பந்தமில்லா விலகலைத் தடுத்த பிறகுதான் தேர்தல் என்று காரணம் சொன்னது. காரணத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கருத்துக்கணிப்பில் தோல்வி பயம் இருந்ததையும் மறைக்க முடியாது.

ஜான்சனோ நாடாளுமன்றத்தையே ஐந்து வாரம் பூட்டினார். பதினொரு நீதிபதிகளும் ஒரே குரலில் அது சட்டவிரோதம் என்று செப்டம்பர் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். மக்கள் பெயரால் ஆட்சி நடத்துபவர், மக்கள் பிரதிநிதிகளைக் கண்டு கதவைச் சாத்தினார்! மூன்று முறை தேர்தல் தீர்மானம் கொண்டுவந்தும், 2011ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. கடைசியில் தனிச் சட்டம் போட்டு டிசம்பர் 12 அன்று தேர்தல் நடந்தது. "பிரெக்ஸிட்டை முடித்துக்காட்டுவோம்" என்ற ஒற்றைக் கோஷத்தில், 43.6 சதவீத வாக்கில், 650ல் 365 இடங்களை ஜான்சன் அள்ளினார். அந்தக் கோஷத்திலும் செக்குபந்தி இல்லை!

2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. முடிந்ததா? வட அயர்லாந்துத் தகராறு 2023 வரை இழுத்தது. 2016 ஜூன் முதல் 2024 ஜூலை வரை, எட்டே ஆண்டுகளில் ஆறு பிரதமர்களை அந்நாடு பார்த்தது.

பயத்தை விற்றவர்கள்

சகோதரர்களே! இந்த வியாபாரத்தில் நம்மையும் சரக்காக்கினார்கள் என்பதை மறக்காதீர்கள். ஏழரைக் கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட துருக்கி ஐரோப்பிய யூனியனில் சேரப்போகிறது என்று சுவரொட்டி அடித்தார்கள். துருக்கி அன்றும் சேரும் நிலையில் இல்லை. அகதிகள் வரிசையாக நடந்துவரும் படத்தைப் போட்டு, தாங்க முடியாத கட்டம் வந்துவிட்டது என்று பயமுறுத்தினார் ஃபராஜ். அந்தப் பிரசாரத்தின் முன்னணித் தலைவர் ஜான்சனின் கொள்ளுத்தாத்தா யார் தெரியுமா? உதுமானிய அரசில் உள்துறை அமைச்சராக இருந்த அலீ கமால்! ஓட்டு வேண்டுமென்றால் சொந்த வேரையும் பூச்சாண்டியாக்குவார்கள்.

விளைவு? 2016 ஜூலையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான இன, மத வெறுப்புக் குற்றங்கள், முந்தைய ஆண்டு ஜூலையைவிட 41 சதவீதம் அதிகம். பேருந்தில் வாரம் 35 கோடி பவுண்டு என்று எழுதி ஊர் சுற்றினார்களே, அது புள்ளிவிவரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று 2017ல் அரசின் புள்ளிவிவர ஆணையத் தலைவரே ஜான்சனுக்குக் கடிதம் எழுதினார்.

வியாபாரிகளே, இதைக் கவனியுங்கள்!

பிரிட்டனின் "இந்திய" உணவகங்களில் பெரும்பாலானவை வங்கதேச முஸ்லிம்கள் நடத்துபவை. சமையல்காரர் கிடைக்காமல் தவித்த அவர்களிடம், வெளியேறினால் நம் நாடுகளிலிருந்து ஆள் எடுப்பது எளிதாகும் என்று 2016ல் அமைச்சர் பிரீத்தி பட்டேல் நம்பிக்கை ஊட்டினார். நம்பியவர்கள் ஏராளம். 2019ல் அதே பிரீத்தி பட்டேல் உள்துறை அமைச்சரானார். தனிக்கதவு திறந்ததா? 2021ல் வந்த புதிய முறையில் சாதாரண வேலையாட்களுக்கு வழியே இல்லை. 2024 ஏப்ரலில் திறன் தொழிலாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 26,200 பவுண்டிலிருந்து 38,700 பவுண்டாக ஏறியது. எந்தச் சிறிய உணவகத்துக்குக் கட்டும்?

2021 ஜனவரி முதல் ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் பிரிட்டிஷ் வியாபாரி ஒவ்வொன்றுக்கும் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். இறைச்சி, பாலாடைக்கட்டி என்றால் கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும். பெரிய நிறுவனம் இதற்கென்று ஒரு துறையே வைக்கும். அப்பனும் மகனும் நடத்தும் கடை என்ன செய்யும்?

அப்படியானால் மக்கள் முட்டாள்களா?

இல்லை! அப்படிச் சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஆலைகள் மூடிக்கிடக்கும் ஊர்களில், லண்டன் தங்களை மறந்துவிட்டது என்ற கோபம் உண்மையானது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பிராட்ஃபோர்டும் லூட்டனும்கூட வெளியேறு என்றே வாக்களித்தன. கோபம் நியாயமானது. அதை விலைக்கு வாங்கியவர்கள்தான் மோசடிக்காரர்கள்.

இளைஞர்களே! காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், பிரிட்டனில் முறைப்படி வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு அந்த வாக்கெடுப்பில் ஓட்டு இருந்தது. அந்நாட்டுப் பொதுத் தேர்தலிலும் உண்டு. இருபது ஆண்டுகள் அங்கே உழைத்த போலந்துக்காரருக்கு அந்த வாக்கெடுப்பில் இல்லை. அங்கே இருக்கும் உங்கள் அண்ணனோ மச்சானோ பட்டியலில் பெயர் சேர்த்தாரா என்று கேளுங்கள்.

இங்கேயும் கோஷங்கள் வரும். வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் கேட்பார்கள். அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆம் என்றால் அடுத்த நாள் காலையில் என்ன நடக்கும்? அதற்கான செலவு யார் தலையில் விழும்? சொன்னது நடக்காவிட்டால் யார் பதில் சொல்வது?

பதில் இல்லாதவரிடம் பேனாவைக் கொடுக்காதீர்கள். ஓட்டு உங்கள் கையில் இருக்கும் அமானிதம். செக்குபந்தியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்!