நின்ற குழவி, சுழலும் உரல்



பண்பாட்டைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கவலையும் கூடவே எழுகிறது. பழைய வழக்கங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போகின்றனவே, பிள்ளைகளுக்கு என்னதான் மிஞ்சும் என்ற கவலை. அதில் எனக்கும் பங்குண்டு. அதே சமயம், பழையது வேண்டுமா புதியது வேண்டுமா என்று கட்சி பிரித்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் வீட்டு இட்லி மாவே அதற்குச் சாட்சி.

ஆட்டுக்கல்லில் மாவரைத்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. வலக்கை குழவியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; இடக்கை மாவை வழித்துக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உளுந்து பொங்கப் பொங்க ஆட்டி வழித்தெடுத்த பிறகு, அரிசியைப் போட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்துப் பேர் சாப்பிடும் வீட்டில் தோள்பட்டை விட்டுப்போகும். அந்தத் தோள் பெரும்பாலும் அம்மாவுடையது, மருமகளுடையது, இல்லையென்றால் வீட்டில் வளர்ந்துவந்த பெண்பிள்ளையுடையது.

1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை உருவாக்கினார். பஞ்சாலைகளும் மோட்டார், பம்ப்செட் பட்டறைகளும் நிறைந்த ஊர் அது. அந்தத் தொழில் திறமை சமையலறைக்கும் வந்து சேர்ந்தது. நம் வீட்டு கிரைண்டரைச் சற்று உற்றுப் பாருங்கள். ஆட்டுக்கல்லில் உரல் அசையாமல் இருக்கும், குழவி சுற்றிவரும். கிரைண்டரில் குழவி ஓரிடத்தில் நிற்க, உரல் சுழல்கிறது. மாவைத் தள்ளிவிடும் வேலையை ஒரு பலகை பார்த்துக்கொள்கிறது. ஆனால் கருங்கல்லை மட்டும் கிரைண்டர் செய்தவர்கள் விடவில்லை. கல் நிதானமாக அரைப்பதால் மாவு அதிகம் சூடாகாது. உளுந்தும் நன்றாகக் காணும். எதை மாற்றலாம், எதில் கைவைக்கக் கூடாது என்று தெரிந்து செய்த வேலை அது. 2005-06-ல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடும் பெற்றது. 2011-ல் தமிழக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியபோது, கிரைண்டர் வாங்க வழியில்லாத வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

இத்தனைக்குப் பிறகும் மாவின் மரபு எதுவும் குலையவில்லை. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்ற கணக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. உளுந்து மாவில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, மிதந்தால் பதம் என்று பார்க்கிறோம். உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடி வைக்கிறோம். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள் இரவெல்லாம் பெருகி மாவைப் புளிக்கவைத்துப் பொங்க வைக்கின்றன. மார்கழிக் குளிரில் அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். எந்த மோட்டாரும் அந்த நேரத்தைக் குறைத்துவிடவில்லை.

இழப்பும் உண்டு. ‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று தெருத்தெருவாகக் குரல் கொடுத்து வந்தவர்களின் பிழைப்பு போயிற்று. அவர்கள் உளியில் இருந்த நுட்பத்தை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனாலும் ஆட்டுக்கல்லின் முன் மணிக்கணக்கில் குனிந்திருந்த பெண்களுக்கு அந்த நேரம் திரும்பக் கிடைத்ததே, அதைவிடப் பெரிய லாபம் வேறில்லை.

எனவே ஒரு வழக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம், அதன் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்றும் கேட்போம். தீபாவளிப் பலகாரம், பொங்கலுக்கு வீடு வெள்ளையடிப்பது, விரத நாள் சமையல், விருந்தோம்பல் எல்லாமே அருமையான வழக்கங்கள். ஒருவரே சுமந்தால் அவர் களைத்துப்போகும் நாளில் அந்த வழக்கமும் நின்றுவிடும். கருவிகள் பாதிச் சுமையைக் குறைக்கும். மீதியை வீட்டிலுள்ள எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கடையில் பாக்கெட் மாவு வாங்குபவரைக் குறை சொல்வதற்கு முன், அவர் வீட்டில் மாவாட்ட இன்னொரு கை இருந்ததா என்றும் யோசிப்போம்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் அரிசி, உளுந்து ஊறப்போடும் வேலையை மகனிடம் ஒப்படைத்துப் பாருங்கள். அளவைச் சொல்லிக்கொடுங்கள்; கரைக்கும் பதத்தைக் கையில் தொட்டுக் காட்டுங்கள். உங்கள் வீட்டில் எந்த வழக்கம் இப்படிப் பல கைகளுக்கு மாறியிருக்கிறது என்று எங்களுக்கும் எழுதுங்கள். உங்கள் அனுபவம் இன்னொரு வீட்டுக்கு வழிகாட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்