ஏ.ஐ கிட்ட ஒரு கேள்வி... மேட்டூர்ல எத்தனை சொட்டு தண்ணி?

நைட் 10 மணி. நாமக்கல்லோ, சங்ககிரியோ, ஓமலூரோ... போனை சார்ஜ்ல போட்டுட்டு, படுத்தபடியே ஏ.ஐ கிட்ட ஏதோ கேட்கிறீங்க. ரெண்டு செகண்ட்ல பதில் வந்துடுது. அந்த பதிலுக்காக எங்கேயோ நிலக்கரி எரியுது, எங்கேயோ தண்ணி ஆவியாகுது. அந்த 'எங்கேயோ'வுக்கு ஒரு நல்ல உதாரணம், நம்ம பக்கத்துலயே இருக்குற மேட்டூர்.

அஞ்சு சொட்டு கணக்கு

2025 ஆகஸ்ட்ல கூகுள் ஒரு கணக்கு வெளியிட்டது. ஜெமினிகிட்ட டெக்ஸ்ட்ல ஒரு கேள்வி கேட்டா, சராசரியா 0.24 வாட் ஹவர் மின்சாரமும் 0.26 மில்லி தண்ணியும் செலவாகுதாம். அதாவது, வெறும் அஞ்சு சொட்டு. 'இவ்ளோதானா?'ன்னு தோணும்.

ஆனா, இது டேட்டா சென்டர்ல சர்வர்களைக் குளிர்விக்க செலவாகுற தண்ணி மட்டும்தான். அந்த சர்வர் ஓடத் தேவையான கரன்ட்டைத் தயாரிக்கும்போது செலவாகுற தண்ணி இதுல சேராது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான் மேட்டூர் போகணும்.

ஒரு யூனிட்டுக்கு மூன்றரை லிட்டர்

மேட்டூர் அனல் மின்நிலையத்தோட மொத்தத் திறன் 1,440 மெகாவாட். ஒடிசாவுல வெட்டுற நிலக்கரி, பாரதீப் துறைமுகத்துல கப்பல் ஏறி, எண்ணூர்ல இறங்கி, சரக்கு ரயில்ல மேட்டூர் வருது. அதை எரிச்சு, தண்ணியைக் கொதிக்க வெச்சு, அந்த நீராவியால டர்பைனைச் சுத்த வைக்கிறாங்க. அந்த நீராவியை மறுபடி குளிரவைக்கத்தான் நிறைய தண்ணி வேணும். தூரத்துல இருந்தே தெரியுற அந்த ராட்சத கூலிங் டவர்கள்ல இருந்து வெள்ளையா கிளம்புறது பெரும்பாலும் நீராவிதான். அது காவிரித் தண்ணி.

பழைய அனல் மின்நிலையங்கள் ஒரு யூனிட்டுக்கு அதிகபட்சம் 3.5 லிட்டர் தண்ணிதான் எடுக்கலாம்னு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பர்ல உத்தரவு போட்டது. இந்த அளவை வெச்சு கணக்கு போடுவோம். ஜெமினியோட 0.24 வாட் ஹவர், இப்படியொரு நிலையத்துல தயாரான கரன்ட்டா இருந்தா, அதுக்கு 0.84 மில்லி தண்ணி. அஞ்சு சொட்டோட இன்னும் 16, 17 சொட்டு சேருது. 5,000 எம்.ஏ.ஹெச் போனை ஃபுல் சார்ஜ் பண்ண ஒரு சின்ன டீ கிளாஸ் தண்ணியும் 17 கிராம் நிலக்கரியும் ஆகும்.

உங்க பிளக்குக்கு வர்றது மேட்டூர் கரன்ட்தான்னு சொல்லிட முடியாது. காற்றாலை, சோலார், கூடங்குளம் எல்லாம் ஒரே கிரிட்லதான் கலக்குது. பதில் சொன்ன சர்வர் சிறுசேரியிலயும் இருக்கலாம், சிங்கப்பூர்லயும் இருக்கலாம். ஆனா, பொழுது சாய்ஞ்சதும் சோலார் நின்னுடும். ராத்திரி நேரத்துல பெரிய பாரத்தைச் சுமக்குறது அனல் மின்நிலையங்கள்தான்.

கடனா, செலவா?

அதே காவிரி இன்னொரு விதமாவும் கரன்ட் தருது. மேட்டூர் அணையில நீர்மின் நிலையங்கள் இருக்கு. அதைத் தாண்டி செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைனு வரிசையா கதவணைகள். இங்கெல்லாம் டர்பைனைச் சுத்தவிட்ட தண்ணி அப்படியே ஆத்துல ஓடி, டெல்டா வயலுக்குப் போயிடும். அது கடன் வாங்குற தண்ணி. கூலிங் டவர்ல ஆவியா போறது, திரும்பி வராத செலவு.

பயமுறுத்துறதுக்காக இதைச் சொல்லலை. மேட்டூர் அனல் மின்நிலையம் வருஷம் முழுக்க ஃபுல்லா ஓடினாலும், அந்த 3.5 லிட்டர் கணக்குப்படி சுமார் ஒன்றரை டி.எம்.சி-தான் ஆகும். அணையோட கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆனா, நீர்மட்டம் இறங்கி, பண்ணவாடியில பழைய நந்தி சிலையும் சர்ச் கோபுரமும் வெளியே தெரியுற வருஷங்கள்ல, ஒவ்வொரு டி.எம்.சி-க்கும் போட்டி வரும். அந்த நந்தியும் கோபுரமும் 1934-ல அணைக்காக மூழ்கின ஊர்களோட மிச்சம். பலன் பல மாவட்டங்களுக்குப் போச்சு, வீடு போனது அந்த ஊர்க்காரங்களுக்கு. அனல் மின்நிலையக் கதையும் கிட்டத்தட்ட இதேதான். கரன்ட் ஊரெல்லாம் போகுது. ஆனா, இந்திய நிலக்கரியை 100 கிலோ எரிச்சா 30-லிருந்து 45 கிலோ வரைக்கும் சாம்பல். அது சேர்றது அந்த நிலையத்தைச் சுத்தித்தான்.

அப்போ நாம என்ன பண்ணலாம்?

ஏ.ஐ கிட்ட கேள்வி கேட்கிறதை நிறுத்த வேண்டாம். ஒன்றரை டன் ஏ.சி ஒரு மணி நேரத்துல இழுக்குற கரன்ட்டுல சுமார் 40 போனை சார்ஜ் பண்ணிடலாம். குறைக்கணும்னா அங்கே குறைங்க. போனை இன்னும் ஒரு வருஷம் சேர்த்து யூஸ் பண்ணுங்க. ஒரு போன் ஏற்படுத்துற கார்பன்ல பெரும்பங்கு, அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிடுது.

பெரிய கேள்வி கம்பெனிகளுக்கும் அரசுக்கும். 2024-ல உலக டேட்டா சென்டர்கள் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் எடுத்திருக்கு. 2030-க்குள்ள இது 94,500 கோடி ஆகும்னு சர்வதேச எரிசக்தி முகமை கணிக்குது. தமிழ்நாடும் 2021-ல டேட்டா சென்டருக்குன்னே தனிக் கொள்கை வெளியிட்டிருக்கு. 'ஒரு கேள்விக்கு அஞ்சு சொட்டு'ங்கிற சராசரி இனி போதாது. எந்த ஊர் சென்டர், எந்த நிலையத்து கரன்ட், ரெண்டுலயும் சேர்த்து எவ்ளோ தண்ணினு வருஷாவருஷம் வெளியிடணும். அடுத்த டேட்டா சென்டர் அறிவிப்பு உங்க ஃபீட்ல வரும்போது, எத்தனை பேருக்கு வேலைனு தேடுற கையோட இதையும் தேடுங்க.